குறைவாக எழுதுவதன் நியாயம்

தமிழில் குறைவாக எழுதியவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. நிறைய எழுதியவனோடு சண்டை போடுவதற்காவது அவனைப் படித்தாக வேண்டும்; பத்துக் கதைகளாவது நினைவில் இருக்க வேண்டும். குறைவாக எழுதியவன் விஷயத்தில் இந்தச் சிரமம் நமக்கு இல்லை. அவன் எழுதியதைவிட எழுதாமல் விட்டது பெரிதாகிவிடுகிறது. எழுதாமல் விட்டதை யாரும் படிக்க முடியாதாகையால் அந்தத் துறையில் நாம் எல்லோரும் ஒரே தரத்துப் பண்டிதர்கள்.

குறைவாக எழுதுவது ஒரு நற்குணமா என்பதுதான் இங்கே என் கேள்வி. இதை அழகியல் கேள்வியாக மட்டும் வைத்துக்கொண்டால் பதில் சுலபம்: நன்றாக இருந்தால் கொஞ்சமும் போதும். ஆனால் நம்மிடையே அது அப்படிப் புழங்கவில்லை. ஒரு ஒழுக்கமாக, ஏறக்குறைய ஒரு பத்தியமாகப் புழங்குகிறது. குறைவாக எழுதுகிறவன் சுத்தமானவன். நிறைய எழுதுகிறவன் எங்கோ விலை போயிருக்கிறான். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நம் மதிப்பீடுகளின் அடியில் இது கிடக்கிறது. ஆகவே கேள்வியையும் அறத்தின் தளத்திலேயே வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

சிதம்பரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் உண்டு. மௌனி 1907ல் பிறந்தவர். கணிதத்தில் பட்டம் பெற்றார். உத்தியோகம் என்று எதற்கும் போகவில்லை. குடும்பச் சொத்தையும் தொழிலையும் கவனித்துக்கொண்டு வாழ்வின் பிற்பாதி முழுவதையும் சிதம்பரத்தில் கழித்தார். 1936ல் ‘மணிக்கொடி’யில் அவர் கதைகள் வர ஆரம்பித்தன. முதல் தொகுப்பு வெளிவர 1959 வரை ஆயிற்று. ‘தவறு’ என்ற கதை 1971ல் ‘கசடதபற’வில் வந்தது. அதற்குப் பின் கதை இல்லை. 1985ல் காலமானார். மொத்தம் 24 கதைகள். அவற்றில் ஏறக்குறைய பாதி, எழுத ஆரம்பித்த முதல் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே எழுதப்பட்டவை.

இந்தக் கடைசி விவரத்தை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. சீராக, சொட்டுச் சொட்டாக வடித்த எழுத்து என்பது நாம் செய்துகொண்ட சித்திரம். வாஸ்தவத்தில் இருபத்தொன்பது வயதில் ஒரு வேகம் இருந்திருக்கிறது. பின்னால் அது நின்று நின்று வந்திருக்கிறது. பெயரும் அவர் தானாகத் தேடிக்கொண்டதல்ல, பி.எஸ். ராமையா வைத்தது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கொடுத்த பெயரை ஒரு மனிதனின் தலைவிதியாக நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு உருவகங்கள் இந்த விஷயத்தில் நமக்குத் தயாராகக் கிடைத்தன. ஒன்று சிதம்பர ரகசியம். திரையை விலக்கினால் வெளி. வெளியில் தொங்கும் பொன் வில்வ மாலை. மௌனியைப் பற்றி எழுதும் எவனும் இரண்டாவது பக்கத்திற்குள் அந்தத் திரையை விலக்கிவிடுகிறான். கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்ததற்காக ஒருவர் இவ்வளவு கஷ்டப்பட வேண்டியதில்லை. இன்னொன்று புதுமைப்பித்தன் சொன்னது. அவர் மௌனியைத் திருமூலரோடு ஒப்பிட்டார். அவர் நினைத்தது கதைகளின் கடினத்தையா, அவற்றின் தனி வழியையா என்பது இருக்கட்டும், ஒப்பீடு நிலைத்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் ஆண்டுகள் பாடினார் திருமூலர் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. 1936லிருந்து 1971வரை கணக்குப் போட்டால் மௌனிக்கு ஒரு கதைக்கு ஒன்றரை ஆண்டு ஆகிறது. மூலரே பரவாயில்லை, வேகமாக எழுதியிருக்கிறார் என்றாகிறது. எண்ணிக்கையைத் தத்துவமாக்கினால் இப்படித்தான் முடியும்.

*

எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கதைக்கு வருவோம். ‘அழியாச்சுடர்’ கதையில் ஒரு இளைஞன் கோயிலில் ஒரு பெண்ணிடம் ஒரு சொல் சொல்லிவிடுகிறான். அவளுக்காகத் தான் எதையும் செய்யக் காத்திருப்பதாகச் சொன்ன சொல். அந்த வயதில் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியது, சொல்லிவிட்டு மறந்துவிடக்கூடியது. அவனும் மறந்துதான் போகிறான். பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே கோயிலில் அவளைப் பார்க்கும்போது, அவளுடைய ஒரு பார்வையில், தூணில் எழுந்து நிற்கும் யாளியின் கோபத்தில், அந்தச் சொல் அவனைத் தேடிக்கொண்டு வந்து நிற்கிறது. அதற்குமேல் அவனால் பழையபடி இருக்க முடிவதில்லை.

இதைக் காதல் கதை என்று படிப்பவர்கள் உண்டு. ஆன்மிகக் கதை என்று படிப்பவர்களும் உண்டு. எனக்கு இது முதலில் சொல்லைப் பற்றிய கதை. சொன்னவன் மறந்தாலும் சொல் மறக்காது. ஒருநாள் வந்து கணக்குக் கேட்கும். இந்த பயம் உண்மையாகவே ஒருவனுக்குள் இருக்குமானால் அவன் குறைவாக எழுதுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் நான் இங்கே ஜாக்கிரதையாக இருக்க விரும்புகிறேன். கதையில் இந்த பயம் இருக்கிறது என்று என்னால் காட்ட முடியும். அந்த பயத்தால்தான் அவர் 1971க்குப் பிறகு கதை எழுதவில்லை என்று எவராலும் காட்ட முடியாது. உடம்பு காரணமாக இருக்கலாம், வீட்டில் நேர்ந்த துக்கங்கள் இருக்கலாம், வெறும் அலுப்பாகவும் இருக்கலாம். பக்கத்தில் உள்ள மௌனம் இலக்கியத்தைச் சேர்ந்தது. பக்கத்துக்கு வெளியே உள்ள மௌனம் ஒரு மனிதனின் சொந்த விஷயம். முதலாவதைப் படிக்க வேண்டிய இடத்தில் நாம் இரண்டாவதை வணங்கிக்கொண்டிருக்கிறோம்.

மெக்ஸிகோவின் ஹுவான் ருல்ஃபோ இந்த விஷயத்தில் நல்ல மருந்து. 1953ல் ஒரு கதைத் தொகுப்பு, 1955ல் ‘பெத்ரோ பாராமோ’ என்ற சிறிய நாவல். இந்த இரண்டு மெலிந்த புத்தகங்களின்மேல்தான் அவர் புகழ் நின்றது. மௌனிக்கு அடுத்த ஆண்டு, 1986ல் இறந்தார். ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களிடம், தனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த மாமா செத்துப்போய்விட்டார் என்று சொல்லிவந்தாராம். தன் மௌனத்தைக் கோபுரமாக்க வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்ட பதில் அது.

*

சிதம்பரத்திலிருந்து வடக்கே புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாக ஐம்பது கிலோமீட்டர் போனால் கடலூர். தமிழ்ச் சிறுகதையில் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் இருக்கிற தூரம் அதைவிட அதிகம். கடலூரில் பிறந்தவர்கள் நிறைய எழுதினார்கள்.

புதுமைப்பித்தன் 1906ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தகப்பனாருடைய ரெவின்யூ உத்தியோகம் கொண்டுவந்து சேர்த்த ஊர் அது. அவர் எழுத்தின் ஊர் திருநெல்வேலிதான். என்றாலும் பிறப்பை ஊர் விட்டுக்கொடுக்காது. பதினைந்து ஆண்டுகளுக்குள் நூறையொட்டிய கதைகள், அவற்றோடு கட்டுரை, கவிதை, மொழிபெயர்ப்பு. ‘ஊழியன்’, ‘தினமணி’, ‘தினசரி’ என்று பத்திரிகை வேலை, கடைசியில் சினிமா. 1948ல் காசநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 42. ஜெயகாந்தன் 1934ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. கட்சிக் கம்யூனில் வளர்ந்தார். ‘சரஸ்வதி’யில் எழுதினார், பிறகு ‘ஆனந்த விகட’னில் லட்சக்கணக்கான பேருக்கு எழுதினார்.

இவர்கள் இருவரிடமும் சறுக்கல் ஏராளம். புதுமைப்பித்தனில் அவசரத்தில் முடித்த கதைகள் உண்டு. ஜெயகாந்தனில் பாத்திரங்கள் வாயை மூடாத கதைகள் உண்டு. நம்மில் பலர் இதைச் சுட்டிக்காட்டித்தான் விமர்சகர்களானோம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். புதுமைப்பித்தனின் மோசமான இருபது கதைகளை எழுதாமல் சிறந்த இருபதை மட்டும் அவர் எழுதியிருக்க முடியுமா? ஒரே கை, ஒரே வேகம், அதே ராத்திரிகள். எது எப்படி முடியும் என்று முன்கூட்டித் தெரிந்துகொண்டு எழுதுகிறவன் எழுத்தாளனல்ல, டைப்பிஸ்ட். தான் மோசமாக எழுதிவிடக்கூடும் என்ற சாத்தியத்தை ஏற்றுக்கொள்வதும் ஒரு தைரியம்தான். குறைவாக எழுதுகிறவர்களைப் புகழும்போது இந்த தைரியத்துக்கு நம் தராசில் தட்டே இல்லாமல் போகிறது.

இன்னொன்று. ஜெயகாந்தனும் கடைசிக் காலத்தில் கதை எழுதுவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். 2015ல் அவர் மறைவதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் புதிய கதை என்பது அரிதாகிவிட்டது. அந்த மௌனத்தைப் பற்றி யாரும் தத்துவம் எழுதவில்லை. வற்றிவிட்டது என்று சிலர் சொன்னார்கள், எழுத வேண்டியதை எழுதியாகிவிட்டது என்று அவர் தரப்பினர் சொன்னார்கள், விஷயம் முடிந்தது. ஒருவருடைய மௌனம் சித்தியாகவும் மற்றவருடைய மௌனம் ஓய்வாகவும் நமக்குப் படுமானால், நாம் எடைபோடுவது மௌனத்தை அல்ல என்பது தெளிவு.

*

வேறு எதை எடைபோடுகிறோம்? இங்கே கொஞ்சம் காசு விஷயம் பேச வேண்டும். நம் பத்திரிகைகளில் இது அநாகரிகமாகக் கருதப்படுவதால் சுருக்கமாகப் பேசுகிறேன்.

குறைவாக எழுதுவதற்கு முதல் தேவை, எழுத்தை நம்பிச் சாப்பிடாமல் இருப்பது. நிலமோ கடையோ சம்பளமோ வேண்டும். ந. பிச்சமூர்த்தி இந்து அறநிலையத் துறையில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை இருந்தது. இது யாருக்கும் இழுக்கல்ல. டி.எஸ். எலியட் 1917லிருந்து 1925வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தார். ‘பாழ்நிலம்’ வெளிவந்த 1922ல் அவர் வங்கி ஊழியர். அந்தச் சமயத்தில் எஸ்ரா பவுண்ட், முப்பது பேர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்து பவுன் போட்டு எலியட்டை வங்கியிலிருந்து மீட்பது என்று ஒரு திட்டம் போட்டார். எலியட் அதற்குப் பிடிகொடுக்கவில்லை. நிச்சயமில்லாத முந்நூறு பவுனைவிட நிச்சயமான மாதச் சம்பளம் கவிதைக்கு நல்லது என்று அவர் கணித்திருந்தால், வங்கியில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் அதன் நியாயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் சம்பளம் வாங்கித் தரும் சுதந்திரத்தை ஆன்மாவின் சுதந்திரம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஒன்றாம் தேதி கணக்கில் பணம் ஏறிவிடுகிற நான், ஆண்டுக்கு இரண்டு கட்டுரை எழுதிவிட்டு, வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவனைப் பார்த்து வணிக எழுத்தாளன் என்கிறேன். அவன் எழுத்து மோசமாக இருந்தால் மோசம் என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவனைவிட நான் சுத்தமானவன் என்று சொல்லும் உரிமை கிடையாது. என் சுத்தத்துக்கு மாதாமாதம் இன்னொரு ஸ்தாபனம் பில் கட்டிக்கொண்டிருக்கிறது.

எழுத்தையும் குறைக்காமல், வசதியான வேலைக்கும் போகாமல் இருந்த ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். சி.சு. செல்லப்பா ‘எழுத்து’வை 1959லிருந்து 1970வரை 119 இதழ்கள் நடத்தினார். பிரசுரித்த புத்தகங்களைக் கட்டிச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் பெயர் அதிகம் அடிபடவில்லை. அவரும் மௌனமாகிவிட்டார் என்றுதான் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். 1997ல் மூன்று பாகங்களாக ‘சுதந்திர தாகம்’ வந்தது; அடுத்த ஆண்டு அவர் காலமானார். அந்த மௌனத்துக்குள் ஒரு கிழவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். எழுதாமல் இருப்பதும் அச்சில் வராமல் இருப்பதும் ஒன்றல்ல.

*

அச்சில் வராமல் இருப்பது என்ற விஷயத்தில் இந்தக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கு இரண்டு பழைய கதைகள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

முதலாவது தில்லையில் பூட்டி வைத்த தேவார ஏடுகள். ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் வந்து கேட்டபோது, பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் அறை திறக்கப்படும் என்றார்கள் தில்லை அந்தணர்கள். அரசன் மூவரின் விக்கிரகங்களையும் எழுந்தருளச் செய்து அறையைத் திறந்தான். உள்ளே கறையான் புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தது போக, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பதிகங்களில் இன்று நம் கையில் இருப்பவை எண்ணூறுக்கும் குறைவு. அரசன் வருந்தியபோது, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டோம் என்று அசரீரி எழுந்ததாகத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. எண்ணிக்கை புராணத்தின் எண்ணிக்கை, அதை விட்டுவிடலாம். அந்த ஆறுதலைத்தான் நான் கவனிக்கிறேன். நல்லது நின்றுவிடும், போனது போகவேண்டியதுதான் என்கிற ஆறுதல். இலக்கியத்தில் இதே ஆறுதலை நாமும் தினம் சொல்லிக்கொள்கிறோம். இந்த ஆறுதலால் லாபம் அடைகிறவர்கள் பூட்டியவர்களும் கறையானும் மட்டுமே. ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையர் இந்த அசரீரியை நம்பியிருந்தால் 1887ல் சீவகசிந்தாமணி அச்சேறியிருக்காது.

இரண்டாவது, வடலூர் வள்ளலார். ராமலிங்க அடிகள் எழுதிக்கொண்டே இருந்தார். அச்சுக்குத்தான் கொடுக்கத் தயங்கினார். இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் பல ஆண்டுகள் கடிதம் எழுதி வற்புறுத்தினார். பாடல்கள் வந்து சேரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவது என்று விரதமும் இருந்தார். அப்புறம்தான் அடிகள் இணங்கினார். 1867ல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் வந்தன. இரண்டு ஆண்டுகளில், 1869ல், மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் அருட்பா, மருட்பா சண்டை போயிற்று. 1874ல் அடிகள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆறாம் திருமுறை 1885ல்தான் அச்சில் வந்தது.

இரண்டு அறைகள், இரண்டு பூட்டிய கதவுகள். தில்லையில் பூட்டியவர்கள் எழுதியவர்கள் அல்ல. பிறர் எழுதியதைத் தங்கள் சொத்தாக வைத்துக்கொண்டவர்கள். வடலூரில் எழுதியவரே தயங்கினார். பெயருக்கும் ஆரவாரத்துக்கும் அஞ்சித் தயங்கினார். முதலாவது உடைமை, இரண்டாவது கூச்சம். நம்மிடையே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எழுதவும் இல்லை, பூட்டவும் ஏதுமில்லை. வெற்று அறைக்கு ஒரு பெரிய பூட்டு. குறைவாக எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிறவன் தன் கதவு இந்த மூன்றில் எது என்று தனக்குள்ளாவது கேட்டுக்கொள்ள வேண்டும். எதை எழுத வந்து எதை மறுத்தான் என்று சொல்ல முடிந்தால் அவன் மௌனத்துக்கு நியாயம் உண்டு. மறுப்பதற்கு ஒன்றுமே வராதவனுடைய மௌனம் வெறும் விடுமுறை. விடுமுறையில் தவறில்லை; அதற்கு விபூதி பூச வேண்டாம்.

*

வாசகன் பக்கத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. அதை என் தொழிலிலிருந்து சொல்கிறேன்.

வங்கியில் சேமிப்புக் கணக்கை வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடாமல் இருந்தால் அது செயல்படாத கணக்காகிவிடும். பணம் எங்கும் போய்விடாது. வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த வட்டி வரவை இயக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. அது வங்கி தானாகப் போடுவது. வாடிக்கையாளர் வந்து போட வேண்டும், அல்லது எடுக்க வேண்டும். பத்து ஆண்டுகள் யாரும் வராவிட்டால் அந்தத் தொகை ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். அப்போதும் உரியவர் வந்து கேட்டால் கிடைக்கும். அநேகமாக யாரும் வருவதில்லை.

மௌனி போன்றவர்களின் பெயரில் புகழ் இப்படித்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. கட்டுரைகள், நினைவுக் குறிப்புகள், நூற்றாண்டு, மேடையில் ஒரு மரியாதை, எல்லாம் வட்டி வரவு. கணக்கைத் தொட்டது யார்? ஒருவன் உட்கார்ந்து ‘மனக்கோல’த்தின் ஒரு பாராவில் வாக்கியம் ஏன் அப்படித் திருகிக்கொண்டு போகிறது, அந்தத் திருகலால் ஏதாவது சாத்தியமாகிறதா அல்லது அது வெறும் குறையா என்று பார்த்தால் அது இயக்கம். தோற்ற கதை எது என்று துணிந்து சொன்னால் அதுவும் இயக்கம். 24 கதைகளும் சமமாக நிற்பவை என்று நான் நினைக்கவில்லை. பிற்காலக் கதைகள் சிலவற்றில் மொழி தன்னையே நகல் எடுக்கிறது. கோயிலும் சாயங்காலமும் வாசல்படியும் அனுபவத்தைத் திறக்காமல், ஏற்கெனவே திறந்ததை நினைவுபடுத்திக்கொண்டு நிற்கின்றன. குறைவாக எழுதுவது நம்மைத் திரும்பச் சொல்வதிலிருந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் அங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. இதைச் சொல்வதால் ‘அழியாச்சுடர்’ சிறிதும் மங்கிவிடாது. சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே திரைக்குப் பின்னால் வைத்தால்தான் மங்கும்.

இரத்தின முதலியாரை மறுபடியும் நினைக்கிறேன். அவர் அடிகளின் தயக்கத்தைப் புகழ்ந்து பாயிரம் எழுதிவிட்டுப் போகவில்லை. பாட்டு வேண்டும் என்று ஒருவேளைச் சோற்றை விட்டார். குறைவாக எழுதுகிற நண்பனுக்கு நாம் செய்யக்கூடிய நல்ல காரியம் அவன் மௌனத்தை மதிப்பது அல்ல. எழுது என்று அவனைத் தொந்தரவு செய்வது. எழுதியது வந்தால் முழுக்கப் படிப்பது, படித்ததை அவனிடம் மறைக்காமல் சொல்வது. இதற்கெல்லாம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மௌனியின் அத்தனை கதைகளையும் ஒரு வார சாயங்காலங்களில் படித்து முடித்துவிடலாம். அடுத்த கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்கிறவர், எந்தக் கதை, எந்தப் பாரா என்று ஆரம்பித்தால் போதும்.